கொட்டச்சேடு பங்களாவின் கறுப்புக் குழல்

1986 ஜூன் 11, புதன்கிழமை காலை, ஏற்காடு ஏரிக்கரைச் சாலையில் செங்கோடன் என்பவரின் பழம்பொருள் கடைக் கண்ணாடி அலமாரியில் கிராமபோன் குழல் ஒன்று விற்பனைக்கு வைக்கப்பட்டது. குழலின் நிறம் கறுப்பு.

அந்தக் கறுப்பைக் கண்டதும் எஸ்டேட் முதலாளி பாலசுப்பிரமணியம் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்பிலிருந்து கீழே குதித்துவிட்டார். ஜீப் குதிக்கவில்லை. அது தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் உருண்டது. முன் சீட்டில் இருந்த லூர்துசெல்வி கை பிரேக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில், பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் ஷேக் தாவூத் இறுக மூடிய கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"அக்கா, நாம செத்துட்டமா?"

"பஜ்ஜி வாசம் வருதா?"

"வருது."

"அப்ப சாகல. எறங்கு."

லூர்துசெல்வி சேலத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகள் உண்மையிலேயே எரிந்தனவா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். அதனால் மனிதர்கள் சொல்வதைவிட மேசை, நாற்காலி, மூடி, பூட்டு சொல்வதை அதிகம் நம்புவாள். தாவூத் அவளுடைய உதவியாளன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுடைய அத்தாவுக்கு மளிகைக் கடை. கல்லாவில் உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதான் துப்பறிய வந்தான்.

தாவூத் பஜ்ஜிக் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். "கொஞ்ச நாளா எங்க ஊட்ல மீன் கொழம்பே இல்லக்கா. அத்தா பழைய புளிய பூரா யாவாரம் பண்ணிட்டாரு. புதுப் புளில வெச்சா கொழம்பு வெளுத்த துணியாட்டம் இருக்குன்னு எங்கம்மா சட்டியவே எடுக்க மாட்டேங்குது. அதனாலதான் பஜ்ஜியக் கண்டா மனசு அங்கயே கெடக்குது."

"கண்ணு" என்றாள் லூர்துசெல்வி.

அவள் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். தாவூத் பஜ்ஜியை மறந்தான்.

விஷயம் இதுதான். கொட்டச்சேட்டில் பாலசுப்பிரமணியத்தின் காப்பித் தோட்டம். தோட்டத்துப் பங்களாவின் பெரிய ஹாலில், கணப்பு அடுப்புக்கு மேலே, அவருடைய அப்பாவின் கிராமபோன் பெட்டி இருந்தது. மே மாதக் கடைசியில் ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த அதன் குழலை மட்டும் கழற்றி, கோணிச் சாக்கில் சுற்றி, பின்பக்கச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். சுவர் காய்ந்து, குழலை எடுக்கப் போனால் குழலும் இல்லை, சாக்கும் இல்லை. சாவி ரைட்டரிடம் இருந்தது.

சொத்துப் பிரித்தபோது பங்களா தம்பிக்கு, பாட்டுப் பெட்டி அண்ணனுக்கு என்று எழுதியாகிவிட்டது. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து பெட்டியை எடுத்துப் போக இன்று மாலை வருகிறார். "எங்கண்ணன் காரு மலை ஏர்றதுக்குள்ள குழல் வரல்லீன்னா, நீங்க குடியிருக்கற ஊட்டக் காலி பண்ணுங்க. மீதிய போலீசு பாத்துக்கட்டும்" என்று பாலசுப்பிரமணியம் ரைட்டரிடம் சொல்லிவிட்டார். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் இருக்கிற மனிதர் ஆரோக்கியதாஸ். சேலத்துக்குப் பஸ் ஏறி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லூர்துசெல்வியின் அலுவலகத்துக்கு வந்தவர், உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினார். அவள் மலை ஏறி வந்ததும், தேடித்தான் பார்க்கட்டும் என்று முதலாளியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

சாமான் அறைக்குள் போய்வந்தவர்கள் வெள்ளையடித்தவர்கள், குழாய் சரிசெய்தவர், கோயில் சாமான் எடுக்க வந்த பெண்கள். எல்லாரையும் கேட்டாகிவிட்டது. கறுப்புக் குழலை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்போது அது ஏரிக்கரையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

கடைக்குள் பாலசுப்பிரமணியம் குழலைத் தொலைந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "இதேதானுங்க! இதே கறுப்பு! எங்கப்பா காலத்துக் கறுப்பு!"

செங்கோடன் மீசையைத் தடவினார். நாலு கடிகாரம் ஓடியும் ஒன்றுகூடச் சரியான நேரம் காட்டாத கடை அது. "வாங்க அம்மிணி, உக்காருங்க. நல்ல சரக்குங்க. போன வாரம் ஒரு ஆளு கொண்டாந்து குடுத்தாரு."

"யாரு?"

"பேரு சொல்லலீங்க. ஒல்லியா இருந்தாரு. கக்கத்துல கொடை. கொட்டச்சேட்டுப் பக்கமிருந்து வர்றேன்னாரு. பாத்தா எஸ்டேட்டு ரைட்டராட்டம் தெரிஞ்சாருங்க."

பாலசுப்பிரமணியம் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "கேட்டீங்களா அம்மணி? நீங்களே காதால கேட்டுட்டீங்க. எங்க உப்பத் தின்னுட்டு... ஏனுங்க செங்கோடா, இங்க போன் எங்க இருக்குது?"

"ஏற்காட்டுல ஜூன் மாசம் கொடை இல்லாத ஆளத்தான் தேடிப் புடிக்கோணும்" என்றான் தாவூத். "இந்த அடையாளத்த வெச்சு என்னையக்கூட உள்ள தள்ளலாம். நானும் ஒல்லிதான்."

லூர்துசெல்வி குழலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். வாய்ப் பக்கம் கறுப்பு. வயிறு கறுப்பு. பெட்டியில் பொருத்துகிற சின்ன முனையில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்புப் பட்டை, இரண்டு திருகாணியால் இறுக்கியிருந்தது.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்குதுங்களா?"

செங்கோடன் கொடுத்தார். கொடுத்த கை கொஞ்சம் தயங்கியதைத் தாவூத் கவனித்தான். லூர்துசெல்வி திருகாணிகளைக் கழற்றி, பட்டையை உருவி மேசைமேல் வைத்தாள். பட்டை இருந்த இடமும் கறுப்பு.

"தாவூத், கையக் குடு."

அவள் அவனுடைய கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"இந்த எடம் ஏன் இப்படி இருக்குது?"

"வெயிலு படல. எங்கம்மா பெத்த நெறம் அங்க மட்டுந்தான் மிச்சம்."

"கேட்டுக்கங்க" என்று அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "இந்தப் பட்டைக்குக் கீழ காத்துப் போகாது, கை படாது, புகை போகாது. வருசக்கணக்குல வந்த கறுப்பா இருந்தா அங்க மட்டும் நல்ல நெறத்துல ஒரு வளையம் இருக்கணும். இது பட்டைய மாட்டறதுக்கு முந்தியே கறுத்துப்போன குழல். மோந்து பாருங்க. சீமெண்ணெய்."

பாலசுப்பிரமணியம் மோந்து பார்த்தார். பிறகு செங்கோடனைப் பார்த்தார். செங்கோடன் ஓடாத ஐந்தாவது கடிகாரத்தைப் பார்த்தார்.

"பட்டைய மாட்டிட்டு அப்பறம் கறுப்பாக்கியிருக்கோணும்" என்றார் கடைசியில், தன் தொழிலைப் பற்றிய உண்மையான வருத்தத்தோடு. "அவசரப்பட்டுட்டனுங்க."

"அக்கா, மேல சொல்லாதீங்க. இவரு பாடம் படிச்சுட்டிருக்காரு" என்றான் தாவூத். "அந்தக் கொடைக்காரரு? அவரும் நீங்க செஞ்சதுதானா?"

"நான் எங்கீங்க செஞ்சேன்! மொதலாளிதான் ஏரிக்கரையில பாக்கறவங்களயெல்லாம் புடிச்சு, கறுப்புக் குழா, கொட்டச்சேட்டு ரைட்டரு, கக்கத்துல கொடைன்னு சொல்லிட்டே திரிஞ்சாரு. ஒரு பொருளத் தேடறாருன்னா எடுத்து வெக்கறதுதானுங்க யாவாரம். குழா எங்கிட்ட டூரிஸ்டுக்குன்னு வாங்கி வெச்ச புதுப் பித்தளை ஒண்ணு இருந்துச்சு. கதை அவரு குடுத்தது. நான் எதையும் புதுசாச் சேக்கலீங்க."

முதலாளியின் கோபம் போக வழியில்லாமல் நின்றது. அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கறுப்பாக்கறதுக்கு என்ன பண்ணுனீங்க?" என்று லூர்துசெல்வி கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. சமையல் குறிப்புக் கேட்கிற குரல்.

"சிம்னி வெளக்குக்கு மேல ஒரு பகல் புடிச்சனுங்க. பித்தளை புகைய நல்லா வாங்கும். ஒரு நாள்லயே இப்படின்னா பாத்துக்கங்களேன்."

லூர்துசெல்வி கைப்பையிலிருந்து புளிப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தாவூத் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அந்த மிட்டாய் கரைகிற வரைக்கும் அவளிடம் பேசுகிறவன் வேலையை இழப்பான்.

ஜீப் கொட்டச்சேட்டுக்குத் திரும்பியது. இந்த முறை ஸ்டியரிங்கில் தாவூத். முதலாளியே சாவியைக் கொடுத்துவிட்டார். சாலையில் மூடுபனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்தோடு நின்றன. மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மிட்டாய் கரைந்தது.

"அந்தக் கணப்பு, குழலுக்கு நேர் கீழதானே?"

"நேர் கீழ" என்றார் பாலசுப்பிரமணியம். "எங்கப்பா நாற்காலியப் போட்டு, தீய மூட்டி, பாட்டுத் தட்டு வெச்சாருன்னா நேரம் போறதே தெரியாது. நாதஸ்வரத் தட்டு அவருக்கு நொம்பப் பிரியம். ஸ்வரம் மேல போறப்ப குழலுக்குள்ள ஒரு குளவி இருக்கறாப்புல ஙொய்ங்னு ஒரு சத்தம் வரும். விளிம்புல எங்கியோ கொஞ்சம் விட்டுப்போயிருக்குது. சரி பண்ணலாம்னா விடமாட்டாரு."

"தொடைப்பீங்களா?"

"துணி பட்டா நாதம் போயிருமுன்னுவாரு. யாரையும் தொடவே விட்டதில்லீங்க. அவரு போனதுக்கப்பறமும் எங்களுக்குத் தொட மனசு வரல."

"அப்ப அதோட நெறம் என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

"ஏனுங்க அம்மணி, நான் பொறந்ததிலிருந்து பாக்கறேன். கறுப்பு!"



பங்களாப் படியில் ஆரோக்கியதாஸ் நின்றிருந்தார். கக்கத்தில் குடை. ஜீப்பிலிருந்து குழல் ஒன்றும் இறங்காததைக் கண்டு அவர் தலை குனிந்தது. கன்னத்தில் நாலு நாள் தாடி. வீட்டில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். சமையல் பாத்திரத்தை மட்டும் கட்டவில்லை, சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று மனைவி சொன்னாராம். இதையெல்லாம் அவர் கேட்காமலே சொன்னார்.

ஹாலில் கணப்புக்கு மேலே பெட்டி இருந்தது. குழல் இரண்டு துண்டாகக் கழலும் வகை. வளைந்த கழுத்து மட்டும் பெட்டியோடு நின்றது. வாத்துக்குத் தலை போன மாதிரி இருந்தது. கழுத்தும் கரிக்கட்டை நிறம்தான்.

"ஒரு எலுமிச்சம்பழம் வேணும்" என்றாள் லூர்துசெல்வி.

தாவூத் வெளியே ஓடிப்போய், ஜீப் முகப்பில் மிளகாயோடு கோத்துக் கட்டியிருந்த பழத்தை அறுத்துக்கொண்டு வந்தான்.

"அட, அது திருஷ்டிக்குக் கட்டுனது!" என்று பதறினார் பாலசுப்பிரமணியம்.

"நீங்க ஓட்டறப்ப அது வேலை செய்யறதில்லீங்க மொதலாளி. காலையில பஜ்ஜிக் கடையில பாத்தமே."

லூர்துசெல்வி பழத்தை இரண்டாக வெட்டி, உப்பில் தொட்டு, கழுத்தின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு காசு அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தாள். முதலில் கறுப்பு விரலில் வந்தது. பிறகு பழுப்பு. கைக்குட்டையால் துடைத்தாள். அந்தக் காசு அகலத்தில் பொன் நிறம் மின்னியது.

பாலசுப்பிரமணியம் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தன் அப்பாவுக்கு வேறொரு பெயர் இருந்ததை இன்றைக்குத்தான் கேட்டவர் போல இருந்தது அவர் முகம்.

"செங்கோடனுக்கு ஒரு பகல் ஆச்சு. உங்கப்பாவோட கணப்புக்குப் பல வருசம் ஆச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் அவள். "நாம இத்தன நாளாத் தேடினது கறுப்புக் குழல். அப்படி ஒண்ணு இப்ப இல்லாமலே போயிருக்கலாம். தாவூத், உங்க கடையில பழைய புளி தீந்துபோச்சுன்னியே. யாரு வாங்கினாங்க?"

தாவூத் வாயைத் திறந்தான். "இந்த ஊருக்காரங்கதான். மாதா சபை. ஞானசுந்தரியக்கா வந்துதான் அள்ளிட்டுப் போச்சு. அந்தோனியார் கொடியேத்தத்துக்கு முந்தி கோயில் பித்தளைச் சாமானெல்லாம் வருசா வருசம் புளியும் சாம்பலும் போட்டு..."

அவன் நிறுத்திவிட்டான். அவனுக்கு நகைச்சுவை எதுவும் தோன்றாத முதல் தருணம் அது.

"கோயில் சாமானெல்லாம் வருசம் பூரா எங்க இருக்குதுங்க?" என்று லூர்துசெல்வி ரைட்டரிடம் கேட்டாள்.

"நம்ம சாமான் ரூம்லதானுங்க அம்மா. கோணிச் சாக்குல கட்டி..." ஆரோக்கியதாஸின் குடை கீழே விழுந்தது. "ஆனா அவங்களக் கேட்டுட்டனுங்களே! நானே போயிக் கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"பாட்டுப் பெட்டிக் குழா, கறுப்பா, பளபளப்பே இல்லாம ஒண்ணு பாத்தீங்களான்னு."

"அவங்க பொய் சொல்லலீங்க" என்றாள் லூர்துசெல்வி. "நடங்க."

கோயில், தோட்டத்து எல்லையில், இரண்டு வளைவு தள்ளி இருந்தது. ஓடு போட்ட சின்னக் கோயில். திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாள் நடந்துகொண்டிருந்ததால் முன்னால் காகிதத் தோரணம் நனைந்து தொங்கியது. உள்ளே மாதா சபைத் தலைவி ஞானசுந்தரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாலைப் பூசைக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். பீடத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சுரூபம். இடப்பக்கம் மெழுகுவர்த்தித் தண்டுகள். வலப்பக்கம், ஒரு மரக்கட்டையில் செருகி நிறுத்தின, இடுப்பளவு உயரப் பூச்சாடி. அதன் விரிந்த வாயிலிருந்து டேலியாவும் பெரணி இலையும் பொங்கி வழிந்தன. சாடி தங்கத்தில் செய்தது போல இருந்தது.

"எத்தனை அழகா இருக்குது பாருங்க" என்றாள் ஞானசுந்தரி, வந்தவர்கள் அதையே பார்ப்பதைக் கண்டு. "போன வருசமெல்லாம் இத எடுக்காமலே உட்டுட்டோம்போல இருக்குதுங்க. இந்த வருசம்தான் கைக்குச் சிக்குச்சு. எந்தத் தொரைசானியோ குடுத்ததா இருக்கும். அடியில ஓட்டை, தண்ணி நிக்கல. களிமண்ணு வெச்சு அடைச்சிருக்கோம்."

"தேய்க்கறப்ப கறுப்பா இருந்துச்சுங்களா?"

"வருசம் பூரா சாக்குக்குள்ள கெடந்தா எல்லாமே கறுப்புத்தானுங்க. தூபக்கால் கறுப்பு, மணி கறுப்பு, இதும் கறுப்பு. தொட்டியில போட்டுத் தேய்ச்ச தேய்ப்புல எங்க சாந்திக்குத் தோள்பட்டையே புடிச்சுக்கிச்சு. ஏனுங்க, என்னாச்சு? ரைட்டரண்ணன் ஏன் உக்காந்துட்டாரு?"

ஆரோக்கியதாஸ் பீடத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதே எடத்துலதானுங்க" என்றார். "தெனம் காலையில வந்து, இதே எடத்துல முழங்கால் போட்டு, காணாமப் போனதக் காட்டிக் குடுங்க சாமின்னு கேட்டேன். நேத்திக்கு இந்தச் சாடியில ஒரு பூ சாஞ்சிருந்துச்சு. நாந்தான் நிமித்தி வெச்சேன்."

"அவரு அன்னிக்கே காட்டிட்டாருங்க" என்றான் தாவூத். "எங்க வெச்சாத் தெரியும்னு யோசிச்சு மூஞ்சிக்கு முன்னாலயே வெச்சிருக்காரு. இதுக்கு மேல அவரு என்ன பண்ணுவாரு, கையப் புடிச்சா தொட வெப்பாரு?"

ரைட்டர் சிரித்தார். வாரக்கணக்கில் பயன்படாமல் இருந்த சிரிப்பு, இருமலாகத்தான் வந்தது.

பாலசுப்பிரமணியம் சிரிக்கவில்லை.

அவர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர், மெல்ல உள்ளே வந்தார். சாடியைச் சுற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இல்லீங்க. இது இல்ல."

"மொதலாளி..."

"எங்கப்பாவோடது இப்படி இருக்காது. இது கல்யாண மண்டபத்துக் குத்துவெளக்காட்டம் பளபளங்குது. எங்கண்ணன் பாத்தா, பழச வித்துட்டுப் புதுசு வாங்கி வெச்சுட்டேன்னு சொல்லுவாரு. நானே நம்பலயே, அவரு எப்படி நம்புவாரு?"

லூர்துசெல்வி பூக்களை எடுத்து ஞானசுந்தரியிடம் கொடுத்துவிட்டு, குழலைக் கட்டையிலிருந்து பிடுங்கி உள்ளே பார்த்தாள். கை போகிற ஆழம் வரை பொன் நிறம். விரல்கூடப் போகாத குறுகலான அடிமுனைப் பக்கம் இன்னும் கரி. அதை முதலாளிக்குக் காட்டினாள்.

"கறுப்ப வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு காலையில நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றார் அவர். ஆரோக்கியதாஸ் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"குழலு பூச்சாடி வேலைய முடிச்சிருச்சு" என்றான் தாவூத். "இனிப் பாட்டு வேலையப் பாக்கட்டும். பெட்டியில மாட்டுங்கக்கா."

அதற்குப் பிறகு ஊர்வலம் போனார்கள். முன்னால் குழலைத் தோளில் வைத்துக்கொண்டு தாவூத், பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் கையில் டேலியாவோடு ஞானசுந்தரி, சாடி திரும்பி வருமா என்று கேட்டுக்கொண்டே. கடைசியில் ரைட்டர். காப்பிச் செடிக்கு நடுவே நின்று களை எடுத்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். திருவிழாவுக்கு முன்னாலேயே சப்பரம் வந்துவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

ஹாலில் குழலைக் கழுத்தோடு சேர்த்தபோது திருகாணித் துளைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. பாலசுப்பிரமணியம் அதற்கும் மசியவில்லை. இந்த வகைக் குழல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இருக்கும் என்றார். லூர்துசெல்வி நாதஸ்வரத் தட்டை எடுத்து வைத்து, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினாள்.

சத்தமே இல்லை. எங்கோ கிணற்றுக்கடியில் ஒருவர் மூக்கைச் சிந்துவது போல ஏதோ கேட்டது.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி.

"களிமண்ணுங்க!" என்று ஞானசுந்தரி கத்தினாள்.

தாவூத் குழலைக் கழற்றி, ரைட்டரின் குடைக் கம்பியை உள்ளே விட்டு ஒரு திருகு திருகினான். ஈரக் களிமண் உருண்டை ஒன்றும், அதில் ஒட்டிய சிவப்பு டேலியா இதழ் ஒன்றும் புதிதாக வெள்ளையடித்த சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. மறுபடி மாட்டினார்கள். மறுபடி ஊசி இறங்கியது.

நாதஸ்வரம் கிளம்பியது. கீழ் ஸ்தாயியில் கொஞ்ச நேரம் உலாத்தியது. பாலசுப்பிரமணியம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். வாசிப்பு படிப்படியாக மேலே ஏறியது. இன்னும் மேலே. உச்சியைத் தொட்ட இடத்தில், அந்தப் பொன் குழலுக்குள் எங்கோ ஒரு குளவி ஙொய்ங் என்றது.

பாலசுப்பிரமணியம் திரும்பினார்.

லூர்துசெல்வி ஊசியை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காதீங்க அம்மணி" என்றார் அவர். "தட்டு முடியட்டும்."

அவர் கணப்புக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு முடிந்ததும் எழுந்து, சுவரோரம் நின்றிருந்த ஆரோக்கியதாஸிடம் போனார். ஏரிக்கரை முழுக்க ரைட்டரின் பெயரைத் தான் கெடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

"ஊட்டுக்குப் போயி கட்டுனதயெல்லாம் அவுக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் ஏரிக்கரைக்குப் போறேன். செங்கோடன் கடையில இருந்து பஜ்ஜிக் கடை வரைக்கும், ஒருத்தர் விடாம, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வர்றேன். நீங்களும் கூட வாங்க."

"நான் எதுக்குங்க மொதலாளி?"

"ஜீப் ஓட்டறதுக்கு" என்றான் தாவூத்.

"அந்தோனியாருக்கு வலப்பக்கம் என்னத்த வெக்கறதுங்க?" என்று ஞானசுந்தரி கேட்டாள். டேலியா இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

புறப்படும் முன் லூர்துசெல்வி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய குழல் இனி எங்கே கிடைத்தாலும் உலர்ந்த மெல்லிய துணியைத் தவிர எதையும் தொட வைக்க வேண்டாம் என்று சொன்னாள். பழைய சாமான் சேர்க்கிறவர்கள் அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைப்பதில்லை, வயது என்று நினைக்கிறார்கள் என்றாள்.

"வயசா இருந்தாலும் குளிக்கோணுமுங்க" என்றாள் ஞானசுந்தரி.

அண்ணன் மாலையில் வந்தார். குழலைச் சுற்றி வந்து பார்த்தார். யார் பாலிஷ் போட்டது என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் நாதஸ்வரத் தட்டை வைத்தார். குளவிச் சத்தம் வந்ததும் அண்ணன் கேள்வியை விட்டுவிட்டார். மறுநாள் காலை பெட்டியும் குழலும் கோயம்புத்தூருக்குப் போயின. ஆரோக்கியதாஸ் வழக்கமான நேரத்துக்கு வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டார்.

செங்கோடன் கடைக் குழலைப் பாலசுப்பிரமணியம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். மாதா சபைப் பெண்கள் அதைத் தேய்க்கத் தாவூத்தின் அத்தா கடைக்குப் புதிதாக வரவழைத்த பழைய புளியையும் வாங்கினார்கள். ஜூன் 13, வெள்ளிக்கிழமை, கொட்டச்சேடு அந்தோனியார் திருவிழாவில் அது சுரூபத்தின் வலப்பக்கம் வைக்கப்பட்டது. அதிலும் தண்ணீர் நிற்கவில்லை.